தடுப்போரின் கணக்கு



அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கி, அதன் பொதுவிதிகளை ஒருவாறு கிரகித்துக்கொண்டுவிட்ட ஒருவர், ஆட்டம் முடிந்த மறுநாள் பத்திரிகையில் வெளியாகும் புள்ளிவிவர அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பாரானால், அதன் முற்பகுதி அவருக்கு அநேகமாகச் சிரமமின்றி விளங்கிவிடும். பந்தை எறிந்தவர் எத்தனை முறை எறிந்தார், அவற்றுள் எத்தனை தம் அணியினர் கையில் சேர்ந்தன, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் எத்தனை கஜம் முன்னேறினார் என்பவையெல்லாம் கண்ணால் கண்டதைக் கணக்கில் எழுதியவை. அவற்றில் மயக்கத்துக்கு இடம் குறைவு. எதிரணியை முன்னேற விடாமல் தடுத்து நின்ற பதினொருவரைப் பற்றிய பிற்பகுதிக்கு வந்து சேரும்போதுதான் அவர் திகைத்து நிற்பார். ஒருவர் பெயருக்கு எதிரே பன்னிரண்டு என்று இருக்கும். மற்றொருவர் பெயருக்கு எதிரே ஒன்றுகூட இராது. ஆனால் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்த அநுபவசாலிகளோ, ஒன்றுமில்லாத அந்த இரண்டாமவரையே அன்றைய தினத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று சொல்லக்கூடும். இந்த விபரீதம் எப்படி நேர்கிறது என்பதையும், அந்த எண்களைப் புதிதாகக் கற்பவர் எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதையும் பற்றியே இன்று மாலை உங்கள் முன் பேச விரும்புகிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியின் தொழில் ஒன்றை நிகழ்த்துவது. தடுக்கும் அணியின் தொழிலில் பெரும்பங்கு ஒன்றை நிகழவொட்டாமல் செய்வது. நிகழ்ந்தது ஏட்டில் ஏறும், நிகழாதது ஏறாது. ஆகவே தடுப்பாட்டத்தைப் பற்றிய எண்கள் பெரும்பாலும், தடுப்பு தோல்வியடைந்த இடத்தையோ, அது ஒரு நிகழ்ச்சியாக வெடித்து வெளிப்பட்ட அபூர்வ க்ஷணத்தையோ மட்டுமே காட்டுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, அமைதியாகவும் இடைவிடாமலும் நடைபெறும் காரியம் கணக்கருடைய பேனாவுக்கு எட்டுவதில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி நான் சொல்லப்போவன யாவும் அதன் விரிவுரையே என்பது தெரியவரும்.

ஆட்டத்தின் அமைப்பை அறியாதவர்களும் இச்சபையில் இருக்கக்கூடுமாகையால் இரண்டொரு வார்த்தை. நூறு கஜ நீளமுள்ள மைதானத்தில், பந்து கைவசமுள்ள அணிக்குப் பத்துக் கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பையும் டவுன் என்பார்கள். நான்குக்குள் பத்துக் கஜத்தைக் கடந்துவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். கடக்கவில்லையென்றால் பந்து கைமாறும். அதனால் மூன்றாவது டவுனிலும் காரியம் கைகூடாத அணி, பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் ஒப்படைத்துவிடும். பந்துடன் எதிரியின் எல்லைக்களத்துக்குள் புகுவது டச்டவுன். அதற்கு ஆறு புள்ளி. கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பும் ஃபீல்டு கோலுக்கு மூன்று. தாக்கும் அணியை நடத்திச் செல்பவர் குவாட்டர்பேக். தம் கைக்கு வந்த பந்தை அவர் ஓடுகிறவரிடம் கொடுக்கலாம், அல்லது தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரிஸீவருக்கு எறியலாம். அவரை எதிர்த்து முன்வரிசையில் பருத்த சரீரமுடைய லைன்மேன்களும், அவர்களுக்குப் பின்னே லைன்பேக்கர்களும், அதற்கும் பின்னே கார்னர்பேக், சேஃப்டி என்னும் ஓட்டத்தில் வல்லவர்களும் நிற்பார்கள். இம்மூன்று வரிசையாருக்கும் வேலை வெவ்வேறானபடியால், ஒருவருக்குப் பெருமை தரும் எண் மற்றொருவருக்குச் சிறுமையைக் குறிப்பதாகவும் இருக்கக்கூடும்.

எண்களுள் மிக எளியது டேக்கிள். பந்தை வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவதே அது. தனியே வீழ்த்தினால் அது முழுக் கணக்கு. பிறரோடு சேர்ந்து வீழ்த்தினால் துணைக் கணக்கு. எளியதாகிய இதுவே மிகவும் ஏமாற்றுவதும் ஆகும். பந்து புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு கஜம்கூட எதிரியை நகரவிடாமல் ஒருவர் வீழ்த்துகிறார். இருபது கஜம் ஓடவிட்ட பிறகு வேறொருவர் துரத்திப் பிடித்து வீழ்த்துகிறார். அட்டவணையில் இருவருக்கும் ஒன்று என்றுதான் எழுதப்படும். கார்னர்பேக் ஒருவர், தாம் காவல் காக்கவேண்டிய ரிஸீவர் பந்தைப் பிடிக்க விட்டுவிட்டு, பிறகு அவரை வீழ்த்தினால், அவருடைய தவறே டேக்கிள் என்ற பெயரில் அவருடைய வரவாகப் பதிவாகிறது. தாக்கும் பகுதி திறமையற்றதாக இருக்கும் அணியில், தடுப்போர் ஓயாமல் களத்தில் நிற்கவேண்டியிருப்பதால், அவர்களுடைய டேக்கிள் கணக்கு தானாகவே பெருகும். அது அந்த அணியின் பலத்துக்கு அன்றி அதன் துன்பத்துக்கே அத்தாட்சி. மற்றொரு பக்கம், முன்வரிசையின் நட்டநடுவில் நின்று, எதிரணியின் இரண்டு பேரைத் தம் மேல் வாங்கி நிறுத்திக்கொண்டு, தம் பின்னே நிற்கும் லைன்பேக்கர் தடையின்றிப் பாய்வதற்கு வழிசெய்து கொடுக்கும் பெருந்தேகி இருக்கிறார். ஆட்டம் முழுவதும் இந்த அரும்பணியை ஆற்றிவிட்டு அவர் வீடு திரும்பும்போது, அவர் பெயருக்கு எதிரே ஒரே ஒரு டேக்கிள் இருந்தால் அதுவே அதிகம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: குவியலாகப் பலர் விழும்போது யாருக்குத் துணைக் கணக்கு எழுதுவது என்பது கணக்கெடுப்பவரின் கண்ணையும் தயாளத்தையும் பொறுத்தது. ஆதலால் டேக்கிள் எண்ணைப் பார்த்தவுடன் ஆட்டக்காரரை வியக்காமல், எந்த இடத்தில், எத்தனை கஜத்துக்கு அப்பால் என்று விசாரிப்பதே முறை. எதிரியைப் புறப்பட்ட இடத்துக்கும் பின்னே வீழ்த்தியதைத் தனியாகக் குறிக்கும் ஒரு பத்தி உண்டு. என் அபிப்பிராயத்தில் அந்தச் சிறிய எண், அதற்கு முன்னுள்ள பெரிய எண்ணைவிடப் பன்மடங்கு பெறுமதி உள்ளது.

அடுத்தது சாக். குவாட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே அவரைப் பின்னுக்குத் தள்ளி வீழ்த்துவது. தடுப்பாட்டத்தின் கிரீடம் என்று ஜனங்கள் கருதுவது இதைத்தான். இளைஞர்கள் கீர்த்தியும் செல்வமும் பெறுவதற்கு இதுவே ராஜபாட்டை. ஆனால் இத்தனை பிரசித்தி வாய்ந்த இந்தச் செயலை, நேஷனல் ஃபுட்பால் லீக் தனியாட்டக்காரர் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியதே 1982ஆம் ஆண்டில்தான் என்று கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். இந்தச் செயலுக்கு அப்பெயரைச் சூட்டியவர் என்று போற்றப்படும் டீக்கன் ஜோன்ஸ், 1961 முதல் 1974 வரை ஆடி, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் முன்வரிசையில் எதிரிகளை நடுங்கவைத்தவர். அவருடைய அதிகாரபூர்வக் கணக்கில் ஒரு சாக்கூட இல்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டக் குறிப்பேடுகளைத் துருவித் துருவித் தேடி, அவருக்கு 173.5 என்று ஒரு கணக்கைக் கண்டெடுத்தார்கள். அரை என்பது என்னவென்றால், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டு எழுதுவது வழக்கம். அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால், 200 பெற்ற புரூஸ் ஸ்மித்துக்கும் 198 பெற்ற ரெஜி வைட்டுக்கும் அடுத்த ஸ்தானம் ஜோன்ஸுக்கு உரியது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஆலன் பேஜ் 1971ஆம் ஆண்டில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அதுவரை எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் கிட்டாத பெருமை அது. எதைக் கண்டு அவருக்கு அந்த விருதை அளித்தார்கள்? சாக் என்ற பத்தியே அன்று அட்டவணையில் கிடையாது. கண்ணால் பார்த்தவர்கள், எண்ணின் உதவியின்றியே, இந்த மனிதர்தான் ஆட்டங்களை மாற்றுகிறார் என்று தீர்மானித்தார்கள். பின்னாளில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து நெடுங்காலம் பணியாற்றிய அந்தப் பெரியவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், கணக்கேட்டுக்கு முந்திய காலத்தவர்களைக் கணக்கேட்டைக் கொண்டு அளப்பது எத்தனை அநியாயம் என்று எனக்குத் தோன்றும்.

சாக் என்னும் எண் எழுதப்பட்ட பிறகும் அதை அப்படியே நம்பிவிடலாகாது. 2001ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மைக்கேல் ஸ்ட்ரேஹன் அப்பருவத்தின் மொத்தத்தில் 22.5 சாக் என்ற, அதிகாரபூர்வ ஏட்டில் அதுவரை இல்லாத எண்ணிக்கையை எட்டினார். ஆனால் அந்தக் கடைசி ஒன்றில் கிரீன் பே அணியின் குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் அதிகம் போராடாமல் தாமே கீழே சரிந்துகொடுத்தார் என்ற பேச்சு இன்றுவரை அடங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் 2021இல் பிட்ஸ்பர்க் அணியின் டி.ஜே. வாட் அதே 22.5ஐ எட்டியபோது, அந்தப் பழைய விவாதமும் கூடவே எழுந்து வந்தது. வலிந்து பெற்றதற்கும் எளிதில் கிடைத்ததற்கும் ஏட்டில் ஒரே மதிப்புத்தான்.

இதைவிடப் பெரிய பாடமொன்று 1990ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி கான்ஸஸ் சிட்டி நகரில் நடந்தது. அன்று சியாட்டில் அணியை எதிர்த்து ஆடிய டெரிக் தாமஸ் என்னும் லைன்பேக்கர், ஒரே ஆட்டத்தில் ஏழு முறை எதிரணிக் குவாட்டர்பேக் டேவ் கிரீகை வீழ்த்தினார். ஒரே ஆட்டத்தில் ஏழு சாக் என்பது அதற்கு முன்னும் பின்னும் அதிகாரபூர்வ ஏட்டில் எவரும் காணாத எண். ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் கான்ஸஸ் சிட்டி 16–10 என்று முன்னணியில் இருந்தது. சியாட்டிலுக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் பாக்கி. தாமஸ் எட்டாவது முறையாகக் கிரீகின் மேல் பாய்ந்தார், கையும் பட்டது, ஆனால் கிரீக் தடுமாறியபடியே அந்தப் பிடியிலிருந்து நழுவி, எல்லைக்களத்தில் நின்ற பால் ஸ்கான்ஸிக்குப் பந்தை எறிந்தார். கடிகாரம் ஓய்ந்தபோது அது டச்டவுனாகி, அதன்பின் பந்தை உதைத்துப் பெறும் ஒரு புள்ளியும் சேர்ந்து, சியாட்டில் 17–16 என்று ஜயித்தது. ஏழு என்ற எண் இன்றும் ஏட்டில் ஒளி வீசுகிறது. ஆட்டத்தை நிர்ணயித்ததோ ஏட்டில் ஏறாத அந்த எட்டாவது. தாமஸின் திறமையை நான் ஒரு சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. அத்தகைய வீரரை ஒரு தலைமுறையில் ஒருவரோ இருவரோதான் காணமுடியும். எண்ணிக்கைக்கும் முடிவுக்கும் நடுவே சந்தர்ப்பம் என்ற மூன்றாவது ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் நிதரிசனமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாக் ஆகாத நெருக்கடிகளையும் இக்காலத்தில் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து எண்ணுகிறார்கள். குவாட்டர்பேக்கை எறிந்தவுடன் மோதியது, அவரை நின்ற இடத்தைவிட்டு ஓடச்செய்தது, அவசரப்பட்டு எறியச்செய்தது ஆகிய இவை, தனித்தனியே பார்த்தால் சிறியவையாயினும் எண்ணிக்கையில் அதிகமாதலால், அடுத்த ஆண்டில் ஒருவர் எப்படி ஆடுவார் என்பதை ஊகிக்கச் சாக் எண்ணைக் காட்டிலும் இவை மேலான பிரமாணங்கள் என்று கருதுவோர் பலர்.

இனிப் பின்வரிசைக்கு வருவோம். எதிரி எறிந்த பந்தை வழிமறித்துத் தாமே பிடித்துக்கொள்வது இன்டர்செப்ஷன். இதில் ஒரு பருவத்துக்குரிய உச்ச எண்ணிக்கை 14, அதை நிகழ்த்தியவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் டிக் லேன், ஆண்டு 1952. கல்லூரியில் பெரும்பெயர் எடுக்காமல், ராணுவத்திலும் பின்னர் விமானத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு, தாமாக வந்து வாய்ப்புக் கேட்ட அந்த இளைஞர், தம் முதற்பருவத்திலேயே, அதுவும் பன்னிரண்டே ஆட்டங்களில், இதைச் சாதித்தார். இன்று பருவத்துக்குப் பதினேழு ஆட்டங்கள் இருந்தும் எவரும் அதை நெருங்கித் தொட முடியவில்லை. லேனின் மேதையை மறுப்பாரில்லை. அதனோடு அக்காலத்துக் குவாட்டர்பேக்குகள் இன்றுள்ளவர்களைவிட மிகத் துணிச்சலாகவும் அபாயகரமாகவும் எறிந்தார்கள் என்பதையும், அதனால் வழிமறிக்கப்படும் எறிதல்களின் விகிதம் அன்று மிகவும் கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்தப் பதினான்கு தன் உண்மையான பரிமாணத்தில் தெரியும்.

இன்டர்செப்ஷன் கணக்கில்தான் நான் முதலில் சொன்ன சிக்கல் முற்றி நிற்கிறது. கிரிக்கெட்டில் கவர் திசையில் மிகச் சிறந்த ஃபீல்டர் ஒருவர் நின்றால், பந்து அவர் பக்கம் போனதும் ஆட்டக்காரர் ஓட்டம் எடுக்கவே துணிவதில்லை. எடுக்கப்படாத அந்த ஓட்டங்கள் எந்த ஸ்கோர் புத்தகத்திலும் ஃபீல்டரின் பெயரால் எழுதப்படுவதில்லை. அதுபோலவே, கார்னர்பேக் ஒருவர் ஒப்பற்றவராக இருந்தால், எதிரணி அவர் பக்கம் பந்தை எறிவதையே விட்டுவிடும். எறியாத பந்தை எப்படி வழிமறிப்பது? 2009ஆம் ஆண்டில் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டாரெல் ரீவிஸ், அக்காலத்தின் புகழ்பெற்ற ரிஸீவர்களை வாரந்தோறும் ஒருவராகத் தனியொருவராய்ப் பொறுப்பேற்று ஒடுக்கினார். துணைக்கு வேறெவரையும் கேட்கவில்லை. அதனால் மிஞ்சிய ஆட்களை அவருடைய பயிற்சியாளர் குவாட்டர்பேக்கின் மேல் ஏவ முடிந்தது. அந்தப் பருவத்தில் விட்டுக்கொடுத்த கஜங்களிலும் புள்ளிகளிலும் லீக் முழுவதிலும் ஜெட்ஸே மிகக் குறைவு. ரீவிஸின் இன்டர்செப்ஷன் ஆறு. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதோ ஒன்பது பெற்ற கிரீன் பே அணியின் சார்ல்ஸ் உட்ஸனுக்குச் சென்றது. உட்ஸன் எவ்விதத்திலும் தகுதி குறைந்தவரல்லர். ஆனால் அந்த வாக்கெடுப்பில் எண்ணக்கூடியது எண்ணமுடியாததை வென்றுவிட்டது என்பதே என் துணிபு. இதற்கு மறுபுறத்தை 2021இல் காணலாம். டாலஸ் அணியின் டிரெவான் டிக்ஸ் பதினோரு இன்டர்செப்ஷன்கள் எடுத்தார். 1981இல் அதே டாலஸின் எவர்ஸன் வால்ஸ் பதினொன்று எடுத்த பிறகு நாற்பது ஆண்டுகள் எவரும் எட்டாத எண் அது. அதே பருவத்தில் டிக்ஸின் காவலில் எதிரிகள் பெற்ற கஜங்களும் லீக்கின் மிக உயர்ந்த எண்களுள் சேர்ந்தன. பந்தைக் கவர்வதற்காகத் துணிந்து பாய்பவர், பாய்ச்சல் தவறினால் பெருவழியைத் திறந்துவிடுகிறார். வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பாராதவர் அவரை மிகையாக மதிப்பிடுவார். செலவை மட்டும் பார்ப்பவர் குறைவாக மதிப்பிடுவார்.

தனியாட்டக்காரரை விட்டு முழு அணியை அளக்கப் புகுந்தால், இரண்டு அளவுகோல்கள் முன்னிற்கின்றன. நெடுங்காலமாக லீக் தன் தடுப்பணிகளை வரிசைப்படுத்துவது, அவை விட்டுக்கொடுத்த மொத்தக் கஜங்களைக் கொண்டு. சாதாரண ரசிகர் பார்ப்பதோ விட்டுக்கொடுத்த புள்ளிகள். இரண்டும் குறையுடையவை. தன் எல்லையிலிருந்து எண்பது கஜம் தொலைவில் எதிரி தாராளமாக நடமாடட்டும் என்று விட்டுவிட்டு, எல்லைக்கருகே வந்ததும் சுவர்போல் நிற்கும் அணி, கஜக் கணக்கில் கீழே இருக்கும். புள்ளிக் கணக்கில் மேலே இருக்கும். புள்ளிக் கணக்கிலோ, தன் குவாட்டர்பேக் எறிந்த பந்தை எதிரி பிடித்துக்கொண்டோடி எடுத்த டச்டவுனும், உதைபந்தை ஏந்தி ஓடி எடுத்த டச்டவுனும், களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரர்களின் தலையில் ஏற்றப்படுகின்றன. கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் கணக்கு முறையிலேயே வேற்றுமை உண்டு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்: சாக்கில் எதிரி இழந்த கஜங்களைக் கல்லூரிக் கணக்கர் ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார், தொழில்முறைக் கணக்கர் எறிதல் கணக்கிலிருந்து கழிப்பார். கல்லூரி அணியொன்றின் ஓட்டத் தடுப்பு அளவுக்கு மீறி அழகாகத் தோன்றினால் இதை நினைவுகூர்க.

காலமும் ஒரு பெரிய திரை. 1978ஆம் ஆண்டில் லீக் தன் விதிகளை மாற்றி, ஐந்து கஜத்துக்கு அப்பால் ரிஸீவரைத் தடுப்போர் இடித்துத் தள்ளலாகாது என்று கட்டளையிட்டது. பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளவுண்ட் என்னும் முரட்டுக் கார்னர்பேக்கின் பெயராலேயே அவ்விதியை அழைத்தார்கள் என்றால் அவர் எப்படி ஆடியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் தாக்கும் அணியின் லைன்மேன்கள் கைகளைத் தாராளமாக உபயோகிக்கவும் அநுமதி கிடைத்தது. அதற்கு முந்திய தடுப்பணியின் எண்ணையும் பிந்தியதன் எண்ணையும் அருகருகே வைத்து, குறைந்தது மேலானது என்று தீர்ப்பளிப்பது பொருந்தாது. அந்தந்த ஆண்டின் பொதுச் சராசரியோடு ஒப்பிட்ட பிறகே இரண்டையும் ஒரே தராசில் ஏற்றலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வொரு ஆட்டத்துண்டும் எந்த நிலையில் நடந்தது என்பது. மூன்றாவது டவுனில் எட்டுக் கஜம் தேவைப்படும்போது ஏழு கஜம் கொடுத்தவர் வெற்றி பெற்றவர். இரண்டு கஜம் தேவைப்படும்போது மூன்று கொடுத்தவர் தோற்றவர். கஜக் கணக்கு முதலாமவரைத் தண்டித்து இரண்டாமவரைப் புகழும். இந்தக் குறையைக் கண்டு பரிகாரம் தேடியவர்களுள் முன்னோடி, சின்சினாட்டி அணியில் குவாட்டர்பேக்காகவே ஆடிக்கொண்டிருந்த வர்ஜில் கார்ட்டர். ராபர்ட் மாக்கோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, 1969ஆம் ஆண்டின் ஆயிரக்கணக்கான ஆட்டத்துண்டுகளை ஆராய்ந்து, மைதானத்தின் எந்த இடத்தில் முதல் டவுன் கிடைத்தால் சராசரியாக எத்தனை புள்ளி பெறுமதி என்பதை 1971இல் அவர் வெளியிட்டார். தன் எல்லையை ஒட்டிய இடத்தில் அந்தப் பெறுமதி பூஜ்யத்துக்கும் கீழே. எதிரியின் எல்லையை ஒட்டிய இடத்தில் ஏறக்குறைய ஆறு. பின்னர் 1988இல் கரோல், பாமர், தார்ன் ஆகிய மூவரும் எழுதிய நூலொன்றில், முதல் டவுனில் தேவையான தூரத்தில் நூற்றுக்கு நாற்பதும், இரண்டாவதில் எஞ்சியதில் அறுபதும், மூன்றாவதில் முழுவதும் பெற்றால்தான் தாக்கும் அணிக்கு அந்த முயற்சி வெற்றி என்று ஓர் எளிய அளவை வகுத்தார்கள். இதைத் தலைகீழாகத் திருப்பினால் தடுப்போரின் வெற்றிக்கு அளவுகோல் கிடைத்துவிடுகிறது. நிகழாததை நேரே எண்ண முடியாவிட்டாலும், நிகழ்ந்திருக்கக்கூடியது எவ்வளவு, நிகழ்ந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கும் யுக்தி இது. நம்முடைய பிரச்னைக்கு இதுகாறும் கண்டுபிடித்த சமாதானங்களுள் மிகச் சிறந்ததாக இதையே நான் மதிக்கிறேன். ஆனால் கழித்து வந்த பெருமையைப் பதினொருவருக்கும் எவ்விதம் பங்கிடுவது என்ற கேள்விக்கு இது விடை தருவதில்லை. ஆட்டக்காரரின் தோள்கவசத்தில் சிறு வில்லைகளைப் பொருத்தி, அவர் நின்ற இடத்தை விநாடிக்குப் பத்து முறை குறித்துக்கொள்ளும் இக்காலத்து ஏற்பாடு அந்தக் கேள்வியை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அதிருஷ்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிரியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிடுவது திறமை. ஃபம்பிள் எனப்படும் அப்படித் தட்டிவிட்ட பந்து, முட்டை வடிவமுடையதாகையால் எந்தப் பக்கம் துள்ளும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே யார் மீட்டெடுத்தார் என்ற எண்ணைவிட யார் தட்டிவிட்டார் என்ற எண்ணையே நம்புங்கள்.

இத்தனை பரீட்சைகளையும் பிரயோகித்துப் பார்ப்பதற்கு, ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: மிகச் சிறந்த தடுப்பணி எது? 1976ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் அணி முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்று, தன் குவாட்டர்பேக்கும் காயமுற்ற நிலையில், எஞ்சிய ஒன்பது ஆட்டங்களையும் ஜயித்தது. அந்த ஒன்பதிலும் சேர்த்து அது கொடுத்த புள்ளிகள் 28. ஐந்து ஆட்டங்களில் எதிரிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கேட்போர் மெய்சிலிர்க்கும் எண் இது. ஆனால் நாம் கற்ற முறைப்படி இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். விதி மாறுவதற்கு முந்திய காலம் அது என்பது ஒன்று. எதிரிகள் யாவர் என்பது மற்றொன்று. அவர்களுள் அவ்வாண்டு பதினான்கு ஆட்டங்களிலும் தோற்ற டாம்பா பே அணியும் உண்டு. 1985ஆம் ஆண்டின் சிகாகோ அணி, பட்டி ரயன் வகுத்த வியூகத்தோடு, புதிய விதிகளின் கீழே பதினாறு ஆட்டங்களில் 198 புள்ளிகளே கொடுத்து, இறுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் எதிரிகளுக்கு ஒன்றும் கொடாமல், லீக்கின் இறுதி ஆட்டமாகிய சூப்பர் பவுலில் 46–10 என்று வென்றது. ஆயினும் அதன் தாக்கும் பகுதி அப்பருவத்தில் 456 புள்ளிகளைக் குவித்தது. எதிரிகள் எப்போதும் பின்தங்கி நின்று பதற்றத்தோடு ஆடவேண்டியிருந்ததால், தடுப்போரின் பாரம் அந்த அளவுக்குக் குறைந்தது.

2000ஆம் ஆண்டின் பால்டிமோர் அணிக்கு அத்தகைய துணை இருந்ததில்லை. அப்பருவத்தின் நடுவே தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் அதன் தாக்கும் பகுதி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அந்த ஐந்தில் இரண்டை அவர்கள் வென்றார்கள் என்றால், வெறும் ஃபீல்டு கோல்களைக் கொண்டு தடுப்போர் தாங்கி நின்றதால்தான். பதினாறு ஆட்டங்களில் கொடுத்தது 165 புள்ளி; பதினாறு ஆட்டப் பருவங்களில் அதைவிடக் குறைவாகக் கொடுத்த அணி வேறில்லை. இறுதிச் சுற்றின் நான்கு ஆட்டங்களில் எதிரிகளுக்குக் கிடைத்தது 23 புள்ளி. அதிலும் ஏழு, சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ரான் டிக்ஸன் உதைபந்தை ஏந்திக்கொண்டு 97 கஜம் ஓடியபோது வந்தது. அப்போது பால்டிமோரின் தடுப்பாட்டக்காரர்கள் களத்திலேயே இல்லை. 34–7 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் அவர்கள் களத்தில் நின்ற நேரத்தில் எதிரிக்கு ஒரு புள்ளியும் சேரவில்லை. சராசரி, விதிகள், எதிரிகள், சொந்த அணியின் தாக்கும் பகுதி ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகு, ரே லூயிஸ் நடுவே நின்று நடத்திய அந்தப் பால்டிமோர் தடுப்பணிக்கே நான் முதல் ஸ்தானத்தை அளிப்பேன்.